எட்டு வகுப்பும் ஒரு சிவப்பு மைப்புட்டியும்

பாடம் நடத்தப் பயந்து வாத்தியார் வேலையை விட்டவர்கள் குறைவு. நோட்டுத் திருத்தப் பயந்து ஒரு முறையாவது விட நினைக்காதவர்கள் அதைவிடக் குறைவு. விரலில் ஒட்டிய சிவப்பு மை போகாமலே சோறு பிசைந்து சாப்பிட்டவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். மற்றவர்கள் தங்களுக்கு மார்க்குப் போட்ட யாரையாவது நினைத்துக்கொண்டு படிக்கட்டும்.

நான் வேலை பார்த்தது ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். என் கணவர் காட்டிலாகாவில் கார்டு. அவருக்கு மலைக்கு மாற்றல் வந்தது. டிரெயினிங் முடித்துவிட்டுத் திருப்பத்தூரில் அப்பா வீட்டில் சும்மா இருந்த எனக்கு, அவர் போகும் ஊரிலேயே பள்ளிக்கூட வேலை கிடைத்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். வேறு யாரும் வரச் சம்மதிக்கவில்லை, அதனால்தான் எனக்குக் கிடைத்தது என்பது மலையேறிய பிறகுதான் தெரிந்தது.

ஓடு போட்ட ஒரே கட்டடம். எட்டு வகுப்பு. இரண்டு பேர். ஆறு, ஏழு, எட்டு ஹெட்மாஸ்டர் கரீம் சாருக்கு. ஒன்றிலிருந்து ஐந்துவரை எனக்கு. கரீம் சார் வாணியம்பாடிக்காரர். சொந்தக்காரர்கள் எல்லாம் தோல் மண்டி வைத்திருக்க, இவர் மட்டும் வாத்தியாராகி மலைக்கு வந்தவர். மூன்றாவதாக ஒருவரையும் போட்டிருந்தார்கள். அவர் வந்தார், கையெழுத்துப் போட்டார், காய்ச்சல் என்று கீழே இறங்கினார். இறங்கியவர் இறங்கியவர்தான்.

மழையில் போன மார்க்கு

சின்ன வகுப்புகளுக்குச் சிலேட்டுப் பலகைதான். ஒரு வரிசைக்குக் கணக்கைப் போடச் சொல்லிவிட்டு, நான் ஒரு முனையிலிருந்து திருத்திக்கொண்டே போவேன். மறுமுனைக்குப் போவதற்குள் முதலில் திருத்திய பிள்ளைகள் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, அதில் ஆடோ மாடோ வரைந்திருப்பார்கள். திரும்பிப் பார்த்தால் யாருக்கு என்ன போட்டேன் என்பது எனக்கே தெரியாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். சரியாகப் போட்டவர்களுக்குப் பலகையின் மூலையில் பெரிதாக மார்க்கு எழுதி, அதை வீட்டில் காட்டிவிட்டுத்தான் அழிக்கவேண்டும் என்று சொன்னேன்.

பலன் இருந்தது. பிள்ளைகள் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து வாங்கினான். மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் அவனுடைய அம்மா வந்து நின்றாள். சாமைக் கொல்லைக்குப் போகிற வழி. இடுப்பில் அரிவாள், கையில் துடைத்த பலகை. பையன் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தான். நான் அடித்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பலகையை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து நீங்க போட்ட மார்க்கு மழையில கரைஞ்சி போச்சுங்க. ராத்திரி சோறே துன்னல. இன்னொருவாட்டி போட்டுக் குடுத்துடுங்க, இங்கயே நின்னு பாத்துட்டுப் போய்ட்றேன்."

மதியச் சோறு

பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். அதுவரை ஆடு மேய்க்கப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டன. என் ஐந்து வகுப்பும் சேர்ந்து, தரையில் பாய் விரித்தது போல நெருக்கமாக உட்கார்ந்தது. பாதிப் பேருக்கு வாசலுக்கு வெளியேதான் இடம். சோறு இரண்டு மடங்கு வேகலாம். கரண்டி ஒன்றே போதும். ஆனால் பலகை இரண்டு மடங்கானால் கை ஒன்று போதாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பசியோடு வருகிற பிள்ளையைப் பார்த்து, 'ஏன் வந்தாய், எனக்கு வேலை கூடுகிறது' என்று எந்த வாயால் சொல்வது?

அப்படி வந்தவர்களில் ஒருத்தி பொன்னி. சடையன் என்ற விவசாயியின் மூத்த மகள். முன்பே கொஞ்சம் படித்து நின்றவள், வயதும் கூடிவிட்டதால் கரீம் சார் பரீட்சை வைத்துப் பார்த்து நேராக நாலாம் வகுப்பில் உட்கார வைத்தார். அம்மாவும் அப்பாவும் கொல்லைக்குப் போய்விடுவார்கள் என்பதால் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். அவனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பியிருக்காது. அக்காவுக்குப் பலகை இருப்பதைப் பார்த்து அவனும் அழ, உடைந்த பலகைத் துண்டு ஒன்றைக் கொடுத்தோம். கிறுக்கினான். நான் வரிசையாகத் திருத்திக்கொண்டு வரும்போது அவனும் துண்டை நீட்டினான். நான் நேரமில்லை என்று தாண்டிப் போனேன். கூரை இடிகிற மாதிரி ஒரு அழுகை. பொன்னி தன் பலகையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அப்பறம் போடுங்க டீச்சரம்மா. மொதல்ல அவனுக்கு ஒரு ரைட்டு போட்டுடுங்க. இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் அழுவான், நான் ஒண்ணும் படிக்க முடியாது."

மரத்துக்கு நம்பர்

பரீட்சைத் தாள் திருத்தும் காலத்தில் எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் குடியிருப்பது போல இருக்கும். கட்டு கட்டாக, சணல் கயிறு போட்டு, அடுப்படியிலிருந்து தள்ளி வைத்த தாள்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நான் திருத்துவேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, மார்க்கைக் கூட்டிப் போடும் வேலையைத் தான் செய்வதாகச் சொன்னார். அவருக்குக் கூட்டல் நன்றாக வரும். வெட்டுக்கு விட்ட மரங்களுக்குச் சுத்தியல் முத்திரை அடித்து நம்பர் போடுவது அவர் வேலை.

முதல் கட்டு நன்றாகப் போனது. இரண்டாவது கட்டில் ஒரு பிள்ளைக்குப் பாஸ் மார்க்குக்கு ஒன்று குறைந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு அந்தத் தாளை முழுக்கப் படித்தார். எங்காவது ஒரு மார்க்கு கிடைக்குமா என்று என்னைக் கேட்டார். நானும் வாங்கிப் பார்த்தேன். வாழைமரத்தின் பயன்கள் என்ற கேள்விக்கு அந்தப் பெண், 'வாழைமரம் யானைக்குப் பயன்படும்' என்று எழுதியிருந்தாள். புத்தகத்தில் அது இல்லை, நான் அடித்துவிட்டிருந்தேன். யானை பயன்படுத்துவது உண்மைதானே என்று அவர் வாதாடினார். ஒரு மார்க்குப் போட்டேன். அடுத்த தாளிலும் அப்படி ஒன்று வந்தது. மத்தியானத்துக்குள் அவர் அந்தக் கட்டில் பாதிகூட முடிக்கவில்லை. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதையும் மறந்து, காட்டுக்குப் புறப்பட்டார். வாசலில் நின்று சொன்னார்: "மரத்துக்கு நம்பர் போடறதே தேவலை. எந்த மரமும் ஏன் ஒண்ணு கொறைச்சேன்னு என் முகத்தப் பாக்கறதில்ல."

வூடும் வீடும்

ஐந்தாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் வைத்தால் திருத்துவதற்குக் கண் கூசும். நான் 'வீடு' என்று சொல்வேன். பாதி வகுப்பு 'வூடு' என்று எழுதும். நான் 'என்ன' என்பேன். 'இன்னா' என்று எழுதும். திருப்பத்தூரிலும் நாங்கள் அப்படித்தான் பேசுவோம், எழுதும்போது மட்டும் மாற்றிக்கொள்வோம். இந்தப் பிள்ளைகள் நாக்கில் வருவதை நேர்மையாக எழுதின. நான் ஒவ்வொன்றாக அடித்து, மேலே சரியான சொல்லை எழுதி, ஐந்து தடவை எழுதிவரச் சொல்வேன். ஐந்து தடவை எழுதியதையும் மறுநாள் நான்தானே திருத்தவேண்டும்? தண்டனை யாருக்கு என்று சக வாத்தியார்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பொன்னி அப்போது ஐந்துக்கு வந்துவிட்டாள். அவளும் 'வூடு' கட்சிதான். அவள் நோட்டில் 'எங்கள் வூடு மலைமேல் உள்ளது' என்ற வாக்கியத்தைச் சுழித்து, வீடு என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் 'எங்கள் வூடு மலைமேல் உள்ளது. டீச்சரம்மா வீடு திருப்பத்தூரில் உள்ளது' என்று எழுதிக்கொண்டு வந்தாள். கேலி செய்கிறாளோ என்று கூப்பிட்டு விசாரித்தேன். கேலி இல்லை. அவள் நெடுநேரம் யோசித்துத்தான் அந்த முடிவுக்கு வந்திருந்தாள். "செவுரு வெச்சு ஓடு போட்டா அது வீடுங்க. எங்களுது மண்ணும் தர்ப்பையும், அது வூடு. ரெண்டுக்கும் ஒரே பேரு போட்டா, யாரு எங்க இருக்காங்கன்னு எப்படித் தெரியும் டீச்சரம்மா?"

இன்ஸ்பெக்டர் திருத்திய கட்டு

வருஷத்துக்கு ஒரு முறை டெபுடி இன்ஸ்பெக்டர் வருவார். அந்த வருஷம் வந்தவர் கட்டை ஏற்றும் லாரியில் தொற்றிக்கொண்டு மலையேறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கண்டிப்பானவர் என்று பெயர். மோர் குடித்ததும் நேராகக் கட்டுரை நோட்டுகளைக் கேட்டார். ஏழாம் வகுப்பு நோட்டைப் புரட்டினார். ஆடி மாதத்துக்குப் பிறகு சிவப்பு மையே படவில்லை. தன் காகிதத்தில் எழுத ஆரம்பித்தார்.

கரீம் சார் அமைதியாக எழுந்து போய் அந்த வகுப்புக் கட்டு முழுவதையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் சிவப்பு மைப்புட்டி, பேனா. "சோறு ஆவறதுக்கு இன்னும் நேரம் இருக்குங்க. எப்படித் திருத்தணும்னு ஐயா காட்டினா நாங்களும் பாத்துக்குவோம்" என்றார். குரலில் குத்தல் இல்லை. இன்ஸ்பெக்டரும் ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர்தான். சரி என்று பேனாவைத் திறந்தார்.

முதல் நோட்டை எழுத்தெழுத்தாகத் திருத்தினார். ஓரத்தில் அறிவுரை எழுதினார். இரண்டாவதிலும் அப்படியே. நாலைந்து நோட்டுக்குப் பிறகு அறிவுரை நின்றது. இன்னும் கொஞ்சம் போனதும் எழுத்துப் பிழை மட்டும். பிறகு பக்கத்துக்கு ஒரு கோடு. சோற்று மணி அடித்தபோது கட்டு பாதிகூட இறங்கவில்லை. இன்ஸ்பெக்டரின் சட்டைக் கையில் சிவப்புக் கறை ஏறியிருந்தது. சாப்பிட்டு முடித்ததும், முதலில் எழுதிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். புறப்படும்போது கரீம் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வேலையை என்றைக்காவது முடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். கரீம் சார் சொன்னார்: "முடிக்கறதுண்டுங்க. முடிச்ச அன்னிக்குத்தான் அடுத்த கட்டுரை எழுதச் சொல்றது. அதனாலதான் அவசரப்படறதில்ல."

காய்ச்சலில் போட்ட மார்க்கு

பொன்னி எட்டாம் வகுப்புக்கு வந்த வருஷம். எட்டாம் வகுப்புக்கு அரசாங்கப் பரீட்சை. திருப்பத்தூருக்குப் போய் எழுதவேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை பெண் பிள்ளை யாரும் போனதில்லை. பொன்னியை எப்படியும் அனுப்பவேண்டும் என்பது கரீம் சாரின் எண்ணம். எனக்கும் அதேதான்.

மார்கழியில் கரீம் சார் விழுந்தார். மலைக்காய்ச்சல். பல் கிட்டிக்கொண்டு குளிரும், பிறகு அனலாய்க் கொதிக்கும். என் கணவரும் இன்னும் இருவருமாகக் கட்டிலோடு தூக்கிப்போய்க் கட்டை லாரியில் படுக்கவைத்து வாணியம்பாடிக்கு அனுப்பினார்கள். பிழைப்பாரா என்றே அன்றைக்குத் தெரியவில்லை. லாரி திருப்பத்தில் மறைந்த பிறகு திரும்பி வந்து பார்த்தால், எட்டு வகுப்பும் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் மேஜைமேல் மேல்வகுப்புகளின் அரைப் பரீட்சைத் தாள்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

பத்துப் பதினைந்து நாள் கழித்து லாரி டிரைவர் வந்தார். சார் கண் விழித்துவிட்டார், கஞ்சி குடிக்கிறார் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தத் தாள் கட்டைக் கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். அனுப்பினேன். பொங்கலுக்குப் பிறகு திருத்தி வந்தது. சில தாள்களில் எழுத்து நேராக இருந்தது. சிலவற்றில் கோழி கிளறினாற்போல. ஒரே மாதிரி விடைக்கு ஒருவனுக்கு நிறைய, ஒருவனுக்குக் கொஞ்சம். நான் குழம்பி நிற்பதைப் பார்த்து டிரைவர், சார் சொல்லி அனுப்பியதை மனப்பாடமாய் ஒப்பித்தார்: "கொதிக்கும்போது போட்ட மார்க்கு கொஞ்சம் தாராளமா இருக்கும், குளுரும்போது போட்டது கெட்டியா இருக்கும், ரெண்டையும் பாத்து நடுவுல போட்டுக்கச் சொல்லுன்னாருங்க."

பாதிப் பாதி

எட்டு வகுப்பையும் நான் ஒருத்தியாகப் பார்த்த அந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இங்கே கணக்குப் போடச் சொல்லிவிட்டு அங்கே போவேன். அங்கே பூகோளம் சொல்லிவிட்டு இங்கே வந்தால் கணக்கு முடிந்து சண்டை ஆரம்பித்திருக்கும். தொண்டை கட்டிப்போய்ச் சைகையால் பாடம் நடத்தினேன். திருத்துவதை நிறுத்திவிட்டேன் என்றே சொல்லலாம். எட்டாம் வகுப்பு நோட்டுகளை மட்டும் விடவில்லை.

மலையூர்த் தலைவரான ஊர்க்கவுண்டருக்கு விஷயம் போனது. அவர் பேரப்பிள்ளைகள் நாலு பேர் என்னிடம் படித்தார்கள். வந்து வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்தார். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் பாதி இடம் காலி. என்னவென்று விசாரித்தால், பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஓடைக்கு அந்தண்டை ஊர்ப் பிள்ளைகள் ஒரு நாள், இந்தண்டை ஊர்ப் பிள்ளைகள் மறுநாள் என்று கவுண்டர் உத்தரவு போட்டிருக்கிறார். சட்டத்தில் இதற்கு இடம் இல்லை. ஆனால் எனக்குக் குரல் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன். அன்று காலை முழுக்க மாதக்கணக்கில் தொடாத ஒரு கட்டைத் திருத்தி முடித்தேன்.

மத்தியானம் சோற்று மணி அடித்தது. ஓடைப் பக்கம் ஏதோ இரைச்சல். எட்டிப் பார்த்தால், அன்றைக்கு முறையில்லாத பிள்ளைகள் எல்லாம் தட்டோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகவில்லை. கூட்டாளிகள் இருக்கிற இடத்தை விட்டு யார் போவார்கள்? வகுப்பு பழையபடி நிறைந்துவிட்டது. சாயங்காலம் கவுண்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஆட்டப் பாதியா பிரிச்சு மேய்க்கலாம் டீச்சரம்மா, பட்டிக்கு வர்ற நேரத்துல எல்லாம் ஒண்ணாத்தான் வரும். சோத்துக்கு மணி அடிக்காத இருந்தீங்கன்னா தேவல, ஆனா அத்த செய்யச் சொல்ல எனக்கு வாய் வரல."

புளியந்தோப்பில் பரீட்சை

மாசி மாதம். எட்டாம் வகுப்புக்கு மாதிரிப் பரீட்சை வைத்தேன். அதை எழுதாதவர்கள் பெயரைத் திருப்பத்தூருக்கு அனுப்புவதில்லை என்பது கரீம் சார் எப்போதும் வைத்திருந்த கட்டுப்பாடு. பொன்னி வரவில்லை. புளி உலுக்கும் பருவம். சடையன் அவளைத் தோப்புக்கு அழைத்துப் போய்விட்டார். அதோடு பங்குனியில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றும் பிள்ளைகள் சொன்னார்கள்.

சனிக்கிழமை கேள்வித்தாள்களை எடுத்துக்கொண்டு, என் கணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தேன். சடையன் மரத்தின் மேலே கிளையை உலுக்கிக்கொண்டிருந்தார். கீழே பொன்னி புளியம்பழத்து ஓடு உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். விரல் நுனியெல்லாம் புளி ஏறி வெடித்திருந்தது. சடையன் இறங்கி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நிலைமையைச் சொன்னார்.

"காத்து மாறுதுங்க. ரெண்டு மழை வுழுந்தா புளி கறுத்துடும். அப்பறம் வருஷம் பூரா நாங்க இன்னா துன்றது? இவ கை இல்லன்னா ஆவாது."

"இன்னிக்கு ஒரு நாள் எழுதிட்டாப் போதும்" என்றேன்.

"ஒரு நாள் புளி யாரு உடைப்பாங்க?"

"நான் உடைக்கிறேன்."

அவர் என் கணவரைப் பார்த்தார். காட்டிலாகாக்காரர் முன்னால் எப்படி மறுப்பது என்று யோசித்தாரோ, உண்மையிலேயே சம்மதமோ, தெரியாது. சரி என்றார். பொன்னி கையைக் கழுவிவிட்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து எழுதினாள். நான் அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்து ஓடு உடைத்தேன். என் கணவர் விழுந்த பழங்களைப் பொறுக்கிக் குவித்தார். ஒரு தாள் முடிந்ததும் அடுத்ததைக் கொடுப்பேன். பறவை கத்துவதும் ஓடு நொறுங்குவதும் தவிரச் சத்தமில்லை. இவ்வளவு அமைதியான பரீட்சை ஹாலை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

வெயில் சாயும் நேரத்தில் கணக்குத் தாளை அங்கேயே திருத்தினேன். சடையன் தோளுக்கு மேலே நின்று பார்த்தார். எழுத்து அவருக்குத் தெரியாது; சிவப்பு எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்தார். எழுபதுக்கு மேல் வந்தது. சொன்னேன். "அது வாங்கினதா, நீங்க பாவம் பாத்துப் போட்டதா?" என்று கேட்டார். அவள் வாங்கியதுதான் என்றேன். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. பரீட்சைக்கு அனுப்புங்கள், என் அப்பா வீட்டில் தங்கி எழுதட்டும், நானே கூடப் போகிறேன் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். பிறகு குனிந்து நான் உடைத்த புளியைக் கையில் அள்ளினார். ஓட்டுத் துண்டுகளை ஊதித் தள்ளி, நார் ஒன்றிரண்டை உருவிப் போட்டு, கூடையில் கொட்டினார். முதல் தடவையாக முகத்தில் லேசான சிரிப்பு. "பரவால்லீங்க. மொத நாளுக்குப் பாஸ் மார்க்கு போடலாம். நாளைக்கு மீதியையும் முடிச்சிட்டா அனுப்பறேன்."

ரிசல்ட்டு

மறுநாளும் போய் ஓடு உடைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கியிருந்த கட்டு அப்படியே கிடந்தது. பங்குனியில் பொன்னியும் மூன்று பையன்களும் திருப்பத்தூரில் பரீட்சை எழுதினார்கள். என் அம்மா நாலு பேருக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டாள். அந்தப் பரீட்சையின் தாள்களை யாரோ, எங்கேயோ திருத்தினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருத்தாமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. திருத்துவதே மேல்.

கோடையில் கரீம் சார் திரும்பி வந்தார். சட்டை இரண்டு சுற்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. ரிசல்ட்டை அவரே கீழே வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பையன்களில் இருவர் பாஸ், ஒருவன் இல்லை. பொன்னி பாஸ். பிறகு அவள் மருத்துவச்சி டிரெயினிங்குக்குப் போனாள், அதற்கும் ஒரு போராட்டம் நடந்தது, அது பெரிய கதை. பெண் பார்க்க வந்தவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். நான் சொல்ல வந்தது அன்றைக்குச் சடையன் சொன்னதைத்தான்.

நானும் கரீம் சாரும் அவர் வீட்டுக்குப் போனோம். கரீம் சார் விஷயத்தைச் சொன்னார். பொன்னி உள்ளே போய்விட்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். சடையன் சந்தோஷப்பட்டது மாதிரியே தெரியவில்லை. கரீம் சாருக்கு ஒரு பலாச்சுளைத் தட்டை நகர்த்திவிட்டு, யார் திருத்தினார்கள் என்று கேட்டார். தெரியாது, வேறு ஊர் வாத்தியார்கள் என்றார் சார். இவள் பெயர் தெரியுமா அவர்களுக்கு? தெரியாது, நம்பர் மட்டும்தான். பெண் பிள்ளை என்று தெரியுமா? தெரியாது. மலைக்காரப் பிள்ளை என்று? அதுவும் தெரியாது. சடையன் ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப அவங்களுக்கு எம் பொண்ணு மேல பாவம் பாக்கறதுக்கு வழியே இல்ல. அப்ப அது நெஜமாவே வாங்கினதுதாங்க."

அதற்குப் பிறகு கீழே பல ஊர்களில் பல வருஷம் திருத்தி, ஓய்வும் பெற்று, மைப்புட்டியையும் தூக்கிப் போட்டாயிற்று. ஆனாலும் போன வாரம் தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகையில் ஒற்றுப் பிழைகளை எல்லாம் சுழித்து, மூலையில் மார்க்கும் போட்ட பிறகுதான் கல்யாணம் யாருக்கு என்று பார்த்தேன்.